கரி மூட்டத்துத் தூசி

பரளச்சி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். அந்தத் தூசியும் புகையும் மூச்சோடு உள்ளே போனால் எங்கே தங்கும்? இதைக் கணக்கிட ஒரு மாதிரியைப் பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994இல் வெளியிட்டது.

10 மைக்ரானுக்கு மேற்பட்ட கரித்தூளில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். 2, 3 மைக்ரான் துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கிவிடும். வியப்பு என்னவென்றால், 0.3 மைக்ரான் அளவில் உள்ளவை பெரும்பாலும் வெளிமூச்சோடு திரும்பிவிடுகின்றன. அதைவிட மிக நுண்ணியவைதான் அங்குமிங்கும் அலைந்து உள்சுவரில் ஒட்டுகின்றன.

பாரம் தூக்கும்போது வாயாலும் மூச்சு வாங்குவார்கள். அப்போது மூக்கின் வடிகட்டல் குறைந்துபோகும். மூட்டம் பிரிக்கிறவர்கள் முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்துகளுக்குப் போதாது. என்95 முகக்கவசத்தைக் கரி வியாபாரிகள் கூலியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.