இரவு பத்து மணிக்கு ஒரு துளி இரத்தம்



இரவுச் சாப்பாடு முடிந்து கதவைச் சாத்தப் போகிற நேரம். வாசலில் சுகாதார ஊழியர்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுக்க வேண்டுமாம். "பகலில வந்தா ஆகாதா, தம்பி?"

ஆகாது, அம்மா. யானைக்கால் நோயின் இளம் புழுக்கள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். சாமத்தில்தான் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்துக்கு வரும். வடிகான்களிலும் மலசலகூடக் குழிகளிலும் பெருகி, இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு கடிக்கிற நேரமும் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. கால் வீங்கியவரைக் கண்டு விலகிப் போகிறோமே, அநேகமாக அவர் இரத்தத்தில் புழுவே இருக்காது. துள்ளித் திரியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கலாம். அதனால்தான் 2002 முதல் 2006 வரை, ஆண்டுக்கொரு முறை, கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய இலங்கையின் எட்டு மாவட்டங்களில் நோயில்லாதவர்களுக்கும் குளிசை கொடுத்தார்கள். டி.ஈ.சி. என்ற புழு மருந்து வயதுக்கேற்றபடி, கூடவே அல்பென்டசோல் குளிசை ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் மட்டும் விலக்கு.

"சுகமா இருக்கிறவனுக்கு என்னத்துக்கு மருந்து?" என்று முணுமுணுத்து, குளிசையை அலுமாரியில் போட்டவர்களும் உண்டு. விழுங்கிய சிலருக்குக் காய்ச்சலும் தலையிடியும் வந்ததும் முணுமுணுப்பு இன்னும் கூடியது. பெரும்பாலும் அது உள்ளே புழுக்கள் சாகிற காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும்.

ஒரே தடவையில் ஏன் தீரவில்லை? இரத்தத்தில் திரியும் குஞ்சுகளைத்தான் மருந்து சுலபமாகக் கொல்லும். நிணநீர்க் குழாய்களுக்குள் இருக்கும் தாய்ப் புழுக்கள் பல ஆண்டு உயிர் வாழும். அவை கிழடாகிச் சாகும்வரை, ஆண்டுதோறும் குஞ்சுகளை அழித்து நுளம்பை வெறுங்கையோடு அனுப்ப வேண்டும்.

2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் இந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. முன்பே வீங்கிய கால்களைக் குளிசை பழையபடி ஆக்காது. தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைத்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும்.

ஆனால் ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களில் பெருகும் மன்சோனியா நுளம்பு பரப்பும், இதே நோயின் இன்னொரு வகைப் புழு, பல பத்தாண்டுகள் காணாமற் போயிருந்து, 2000க்குப் பிறகு மறுபடி தலைகாட்டியிருக்கிறது. நாய், பூனைகளின் இரத்தத்திலும் அது இருக்கிறது. ஆகவே, இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டால் விரலை நீட்டுங்கள்.