கொச்சிக் காயலில் படகு அமர்த்தல்



மட்டாஞ்சேரியின் பஜார் வீதியில் நடந்து செல்வோருக்கு, சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகளின் முன்வாயில்களே கண்ணில் படும். அக்கட்டடங்களின் பின்கட்டோ காயலை நோக்கியது. அங்குள்ள படித்துறைகளில்தான் முன்னாளில் கெட்டுவள்ளங்கள் வந்து அணைந்து, அரிசியையும் மலைச்சரக்கையும் இறக்கின. ஆஞ்சிலிப் பலகைகளை இரும்பாணியே இல்லாமல் தேங்காய் நார்க்கயிற்றினால் தைத்துச் செய்த வள்ளங்கள் அவை. சரக்கு லாரிகளுக்கு மாறிய பின் அவை வேலையற்றுக் கிடந்தன. 1990க்குப் பிந்திய ஆண்டுகளில், அவற்றுக்கு மூங்கிற்பாயால் கூரை வேய்ந்து, உள்ளே படுக்கையறைகள் அமைத்து, உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் தொழில் வேம்பநாட்டுக் காயலெங்கும் பெருகிவிட்டது. இப்பொழுது மரத்தாலும் இரும்பாலும் புதிதாகவே கட்டப்படும் படகுகளும் பல.

விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் படகு அமர்த்தும்போது கேட்கும் கேள்விகள் யாவருக்கும் தெரிந்தவை. எத்தனை அறைகள்? கரிமீன் பொரித்துத் தருவார்களா? குளிர்ச்சாதனம் இரவு முழுதும் ஓடுமா? இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆயினும், இக்கேள்விகளுக்கெல்லாம் முன்பாக ஒன்று கேட்கவேண்டும் என்பது என் துணிபு: “இரவில் படகு எங்கே நிற்கும்?” இதற்குத் தெளிவாக விடை சொல்லும் சிராங்கு தம் நீரை அறிந்தவர். “பார்த்துக்கொள்ளலாம்” என்பவரிடம் முன்பணம் கொடுக்குமுன் சற்று யோசிப்பது நல்லது.

கேரளத்து நீர்நிலைகள் அமைதியாகத் தோன்றுவதனாலேயே மக்களை ஏமாற்றியிருக்கின்றன. மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையில் மாண்டது, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய நீராவிப் படகு கவிழ்ந்ததனால். 2009இல் தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே மாதம் தானூரில், உல்லாசப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு பொழுது சாய்ந்த வேளையில் மூழ்கி 22 உயிர்கள் போயின. அவர்களில் பலர் குழந்தைகள். ஆகவே, கேரளக் கடல்சார் வாரியத்தின் பதிவுச் சான்று, படகின் தகுதிச் சான்று, சிராங்கின் உரிமம், காப்புறுதி ஆகிய நான்கையும் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் கூடாது. ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையைப் படகிலேயே தேடிப் படியுங்கள். உயிர்காப்புச் சட்டைகள் ஆளுக்கொன்று இருந்தால் மட்டும் போதாது. குழந்தைகளின் உடலுக்குப் பொருந்தும் சிறிய சட்டைகளும் வேண்டும். அவை பரணில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

இனிக் கொச்சி நீரின் இயல்பைப் பார்ப்போம். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் இந்த முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வழிவழி வந்த வரலாறு. ஆனால் வாயிலில் மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தமையால், பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன; சரக்குகளைச் சிறு படகுகளே உள்ளே கொண்டுவந்தன. பொறியியலாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி அத்திட்டு வெட்டப்பட்டு, 1928 மே மாதம் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு உருவாயிற்று. தீவின் கிழக்கே எர்ணாகுளக் கால்வாய், மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாய். ஆழம் வெட்டிய வழியில் மட்டுமே உண்டு. ஓரங்களில் சேறு விரைந்து படியும். மட்டாஞ்சேரித் துறைக்கே படகு வர இயலாமற்போன காலங்கள் உண்டு.

வெட்டிய வழி கப்பல்களுக்கு உரியது. வல்லார்பாடத்துக்குச் செல்லும் சரக்குக் கப்பல் நம் படகைக் கண்டு உடனே நின்றுவிட முடியாது. முகத்துவாரத்தருகிலோ கப்பலும் மீன்பிடிப் படகும் பயணிப் படகும் ஒன்றையொன்று குறுக்கிடும். 2015 ஆகஸ்டில் கோட்டைக் கொச்சியில் மீன்பிடிப் படகு மோதிப் பயணிப் படகு ஒன்று உடைந்து 11 பேர் மாண்டனர். மழைக்காலத்தில் ஆறுகளின் வெள்ளமும் வற்றமும் சேர்ந்து அங்கே கடலை நோக்கி இழுக்கும் இழுப்பு மிகக் கடுமையானது. சீனவலைகளின் அழகைக் கண்டுவிட்டு அகலவேண்டிய இடமே அன்றி, நிற்கத்தக்க இடமன்று அது. கடற்படைக்கு உரிய நீர்ப்பகுதிகளையும் விலக்கவேண்டும். பாய்மரப் படகில் வருவோருக்கு, 2010இல் போல்காட்டித் தீவில் திறக்கப்பட்ட படகுத்துறை உண்டு.

மேலைக் கடலிலுள்ள கரீபியன் தீவுகளில், படகை ஆளில்லாமலே வாடகைக்கு எடுத்துத் தாமே செலுத்திச் செல்லும் பிரயாணிகள் பலர். அங்கே காற்று ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. தீவின் மேற்குப் புறத்தில் ஒதுங்கினால் பெரும்பாலும் அமைதி கிடைத்துவிடும். நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மாலையில் ஒதுக்கமாக இருந்த கரையே நள்ளிரவில் காற்றுக்கு நேரெதிராக ஆகிவிடலாம்.

தெற்கே வைக்கம், முகம்மை, குமரகம் எனச் செல்லும் வழியில் தண்ணீர்முக்கம் அணை குறுக்கிடுகிறது. குட்டநாட்டு வயல்களில் உப்புநீர் ஏறாதபடி கட்டப்பட்டது அது. மதகுகள் வேனிலில் மூடப்பட்டிருக்கையில் அணைக்குத் தெற்கே ஓதம் அநேகமாக இல்லை. வடக்கே நீர் ஏறுவதும் வற்றுவதும் நாள்தோறும் உண்டு. இந்த ஒரு வேற்றுமையை அறிந்தாலே, படகைக் கட்டும் கயிற்றில் எவ்வளவு தளர்ச்சி விடுவது என்பது விளங்கிவிடும். மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டுப்படகுகள் கரையோரம் ஒதுங்கிவிடும் வழக்கத்தைப் பிரயாணிகள் சிலர் நொந்துகொள்வார்கள். அதன்பின் காயல் மீனவர்களுக்கு உரியது. இரவில் வலை விரித்துப் பிழைக்கும் ஒருவருடைய முதலை நம் விசைப்படகின் சுழலி அறுத்துவிட்டால், அந்த வாரம் அவர் வீட்டில் உலை எப்படி ஏறும்?

நங்கூரம் இடுவதாயின் சிறு கணக்கு ஒன்று உண்டு. நீர் 3 மீட்டர். படகின் முகப்பு நீருக்கு மேல் 1 மீட்டர். ஓதத்திற்கு 1 மீட்டர். ஆகப் 5 மீட்டர். சங்கிலியானால் இதைப்போல் 5 மடங்கு, அதாவது 25 மீட்டர் விடவேண்டும். கயிறானால் 7 மடங்கு. குட்டையாக விட்டால் நங்கூரம் சேற்றைக் கவ்வாமல் உழுதுகொண்டே போகும். இவ்வளவு நீளத்தில் படகு வட்டமாகச் சுழன்றால் எதன்மீதும் இடிக்காதா என்பதையும் பார்க்கவேண்டும். ஆகாயத்தாமரை மிதந்து அடையும் மூலைகள் வேண்டாம்; காலையில் சுழலியைச் சுற்றிக்கொள்ளும்.

படுக்குமுன் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு விளக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வேறொரு திசையிலும் அவ்வாறே ஓர் இணை வேண்டும். ஓதம் மாறும் வேளையில் எழுந்து பாருங்கள். படகு சுழன்றதற்கு மேல் அவை விலகித் தோன்றினால் நங்கூரம் நகர்கிறது. சிராங்கை எழுப்பி, இன்னும் பத்து மீட்டர் விடச் சொல்லுங்கள்.