களஞ்சியம் மறைக்கும் நோய்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சமூகங்கள் ஏன் வீழ்கின்றன என்பதைக் கணிதத்தால் அறிய முடியுமா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுவே.

2014இல் சபா மொத்தெஷாரை, ஹோர்கே ரிவாஸ், யூஜீனியா கல்னே ஆகிய மூவரும் 'ஹாண்டி' என்ற கணித மாதிரியுருவை வெளியிட்டனர். இவர்களுள் கல்னே அம்மையார், எம்.ஐ.ரி.யில் வானிலையியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண். பெண்கள் கல்லூரி மேடையில் இதைச் சொல்லாமல் விடலாமா?

உயர்தர வகுப்பில் நாம் படித்த இரை, இரைகௌவித் தொடர்பே இதன் அடிப்படை. ஓநாய் பெருக முயல் குறையும். முயல் குறைய ஓநாயும் குறையும். இங்கே மனிதர் ஓநாய், இயற்கை முயல். ஆனால் ஓநாய்க்கு இல்லாத ஒன்று மனிதரிடம் உண்டு. அதுதான் களஞ்சியம். ஆகவே உழைப்போர், செல்வர், இயற்கை வளம், சேர்த்த செல்வம் என நான்கு கணியங்களுக்கு நான்கு சமன்பாடுகள் எழுதினர்.

கணக்கு இரண்டு வீழ்ச்சிகளைக் காட்டியது. ஒன்று, இயற்கையை அளவுக்கு மீறிச் சுரண்டுவதால் வருவது. மற்றது, பங்கீடு மிகவும் ஏறுமாறாகும்போது வருவது. இதில் உழைப்போர் பசியால் அருகுகின்றனர். இயற்கை மீண்டும் தழைத்தாலும் உழைக்க ஆளின்றிச் சமூகம் அழிகிறது. செல்வரையோ களஞ்சியம் நெடுங்காலம் காக்கிறது. அதனால் அவர்கள் ஆபத்தை உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

வைத்தியர்களுக்கு இது புதிதன்று. சிறுநீரகத்தின் செயற்பாடு ஏறக்குறைய அரைவாசி குறையும்வரை குருதியில் கிரியற்றினின் அளவு பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். நோயாளியும் நலமாகவே நடமாடுவார்.

இம்மாதிரியுரு மிக எளிமையானது. எந்த நாட்டுக்கும் நாள் குறித்துச் சொல்லாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. 2022இல் எமது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வசதியுள்ளவர் வெளியே வாங்கிச் சமாளித்தார். கூலித் தொழிலாளி துண்டுச் சீட்டுடன் வீடு திரும்பினார். அது சமூகத்தின் வீழ்ச்சியன்று. ஆயினும் முதலில் அடிபட்டவர் யார் என்பதைக் கண்டோம்.

வீழ்ச்சி விதியன்று என்பதும் இக்கணக்கின் முடிவே. வளத்தை அளவோடு எடுத்து, ஓரளவு நியாயமாகப் பகிர்ந்தால் அது தவிர்க்கப்படும்.

எமது சங்கம் நூறாண்டு சேர்த்ததும் ஒரு களஞ்சியமே. அது நிறைந்திருப்பதைக் கண்டு நாம் அமைதியடைந்துவிடக் கூடாது. வரவுப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்புக்கு வராத பிள்ளையே எமது முதல் அறிகுறி. அவளைத் தேடிச் செல்வோம்.