புண்ணும் பச்சிலையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இங்கே நின்று பேசுபவள் ஒருத்தி என்றாலும், இந்த உரையை ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து தயாரித்தோம். ஒருத்தி தாதி, ஒருத்தி நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், மற்றவள் கைதடியில் சித்த வைத்தியம் படித்தவள். மூவரும் ஒத்துக்கொண்டதை மட்டுமே சொல்கிறோம். உரை குறுகிப் போனதற்கும் அதுவே காரணம்.

எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில் புண்ணுக்குக் கொடுக்கப் பெனிசிலின் என்றொரு மருந்து இருக்கவில்லை. பிளெமிங் அந்தப் பூஞ்சணத்தைக் கவனித்தது 1928இல். அது மருந்தாகக் கைக்கு வந்தது 1940களில். அளவு குறைத்து எடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945இல் நோபல் உரையிலேயே அவர் எச்சரித்தார். 1959இல் மெதிசிலின் வந்தது. அதற்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி இரண்டே ஆண்டில் இங்கிலாந்தில் காணப்பட்டது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக இறந்தோர் 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணித்திருக்கிறார்கள். மருந்து வந்ததும் அது தோற்கத் தொடங்கியதும் எங்கள் சங்கத்தின் ஆயுளுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கின்றன.

இனி எங்கள் வளவுக்கு வருவோம். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி என்று அம்மம்மாமாருக்கு வேலியோரமே மருந்துப் பெட்டி. 1990களில் பொருளாதாரத் தடையால் மருந்துகள் வந்து சேராத நாட்களில் அந்த அறிவு எத்தனை வீடுகளுக்குக் கைகொடுத்தது என்பது இச்சபையில் பலருக்குத் தெரியும். ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலத்தை ஆறாப் புண்ணுக்குச் சித்த வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இவை உண்மையில் கிருமியைக் கொல்கின்றனவா? ஆய்வுகூடத்தில் பார்க்கும் முறை எளியது. அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சிறு குழி வெட்டி, இலைச்சாற்றை விட்டு, 37 பாகை வெப்பத்தில் ஓர் இரவு வைப்போம். சாறு வேலை செய்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். அதை மில்லிமீற்றரில் அளப்போம். ஸ்ரபிலோகொக்கஸ் பல சாறுகளுக்கு அடங்கும். சூடோமோனாஸ் இலகுவில் அடங்காது. அதற்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு. உள்ளே போகும் மருந்தையும் பம்பி வெளியே தள்ளிவிடும்.

தட்டில் தெரியும் வட்டம் புண்ணில் தெரியும் என்பதில்லை. புண்ணில் சீழ் இருக்கிறது, கிருமிகள் படலமாய் ஒட்டியிருக்கின்றன, நீரிழிவுக்காரரின் காலில் இரத்தவோட்டமும் குறைவு. மத்தன் தைலத்தில்கூட வேலை செய்வது இலையா, துருசிலுள்ள செம்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததால் பயன் கிடைத்த கதையும் உண்டு. உள்ளி, அதன் இனத்து இன்னொரு பூண்டு, திராட்சை மது, மாட்டுப் பித்தம் சேர்த்து ஒன்பது நாள் வைக்கும் ஆயிரம் ஆண்டுப் பழைய ஆங்கிலக் கண்மருந்தை நொற்றிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2015இல் ஏட்டில் உள்ளபடியே செய்து பார்த்தார்கள். மெதிசிலினுக்கு அடங்காத கிருமியில் பெரும்பகுதியை அது கொன்றது. சரக்குகளைத் தனித்தனியே சோதித்தபோது அந்த வலு இருக்கவில்லை. பழைய செய்முறையை மதிப்பதென்றால் இப்படித்தான்: ஒன்றையும் விடாமல் செய்து, அளந்து பார்ப்பது.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மூவரில் ஒருத்தியின் தாயாருக்குக் காலில் முள் குத்தியது. நீரிழிவு இருந்தபடியால் நோ தெரியவில்லை. கறிக்கு அரைத்த அம்மியிலேயே பச்சிலையை அரைத்துக் கட்டினோம். முன்பொரு காய்ச்சலுக்குத் தந்து மிஞ்சியிருந்த அன்ரிபயோற்றிக் குளிசை நான்கையும் கொடுத்தோம். பத்து நாள் போனது. வைத்தியசாலையில் சீழைப் பரிசோதித்தபோது முதலில் கொடுக்கக்கூடிய மருந்துகள் பலவற்றுக்கும் கிருமி அடங்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. இலையும் குளிசையும் அவரை ஏமாற்றவில்லை. இரண்டையும் அரைகுறையாய்ப் பாவித்த நாங்கள்தான் பத்து நாளைப் பறித்தோம். படித்த பிள்ளைகள் மூவர் பக்கத்தில் இருந்தும் இது நடந்தது.

ஆகவே, சகோதரிகளே, நீரிழிவு உள்ளவரின் காலை நாளும் பாருங்கள். புண் கண்டால் அன்றே காட்டுங்கள். பச்சிலை கட்டியிருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மிஞ்சிய குளிசையைப் பத்திரப்படுத்தாதீர்கள். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மேலைவைத்தியம் படிப்பித்த மண் இது. எங்கள் பாடசாலையின் விஞ்ஞானப் பிள்ளைகள் அம்மம்மாவின் செய்முறையை அளவோடு எழுதிவைத்து, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரட்டும். அடுத்த நூற்றாண்டுக்கு நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.