பறப்புச் சில்லின் பாரம்

மட்பாண்டம் வனையும் குயவரின் சக்கரத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பர். கோலொன்றைச் சக்கரத்திற் செருகி, அவர் அதனைச் சில தடவை விசையுடன் சுழற்றிவிடுவார். பின்னர் கோலை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இரு கைகளாலும் களிமண்ணைப் பற்றி வனையத் தொடங்குவார். இப்போது சக்கரத்தை உந்துபவர் எவருமில்லை. ஆயினும் அது சுழன்றுகொண்டேயிருக்கும். காரணம் அச்சக்கரத்தின் பாரம். கோல் கொடுத்த விசையை அப்பாரம் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறது. சக்கரம் பாரமற்றதாயின் கை பட்டவுடனே நின்றுவிடும், குடம் உருப்பெறாது.

மோட்டார் வண்டியின் எஞ்சினிலும் இத்தகைய சக்கரமொன்று உண்டு. கராஜ்களில் அதனைப் ‘பிளைவீல்’ என்பர். பாடநூல்கள் பறப்புச் சில்லு என்று வழங்கும். எஞ்சினின் கிராங்குத் தண்டின் பின் முனையிலே, எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையில், அது போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் அல்லது உருக்கினால் ஆனது. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள பல் வளையத்தைப் பற்றியே ஸ்ராட்டர் மோட்டார் எஞ்சினை இயக்குகிறது. அதன் முகத்தில் கிளச்சுத் தட்டு அழுந்தும்போதே எஞ்சினின் வலு கியர்ப் பெட்டிக்குச் செல்கிறது.

இச்சில்லு இல்லாவிடின் என்னாகும்? 1876 ஆம் ஆண்டில் ஜெர்மனியரான நிக்கொலஸ் ஓட்டோ வெற்றியாக இயக்கிக்காட்டிய நான்கு அடிப்பு எஞ்சினிலே, உறிஞ்சல், அமுக்கம், வலு, வெளியேற்றம் என நான்கு தொழில்கள் முறையே நிகழ்கின்றன. இவற்றுள் வலு தருவது ஒன்றே. ஏனைய மூன்றும் வலுவைச் செலவழிப்பவை. ஓர் உருளை மாத்திரம் உள்ள எஞ்சினில், தண்டு இரு முறை சுற்றுவதற்குள் ஒரே ஒரு தடவைதான் உந்தல் கிடைக்கும். பழைய நெல் ஆலைகளில் ஓடிய ஒற்றை உருளை எஞ்சின்களுக்குப் பெருஞ் சில்லுகள் பூட்டப்பட்டிருந்தமைக்குக் காரணம் இதுவே. நான்கு உருளை எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஓர் உந்தல் கிடைக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்னும் மெதுவான ஓட்டத்திலே, ஒரு செக்கனுக்கு 26 அல்லது 27 உந்தல்கள். அவ்வுந்தல்களுக்கிடையே உள்ள பள்ளங்களை நிரப்பி, ஓட்டத்தைச் சமப்படுத்துவது பறப்புச் சில்லின் முதற் கடமை.

அவ்வாறாயின், இச்சில்லின் பாரத்தை வேண்டுமென்றே குறைப்போர் உளரே, அது எதற்காக? பாரமான சில்லு எளிதில் நிற்காது. அதேபோல் எளிதில் வேகங்கொள்ளவும் செய்யாது. பந்தயத்தில் ஓடுவோருக்கு இப்பின்னைய குணம் தடையாக உள்ளது. ஆகவே அவர்கள் சில்லைக் கடைந்து மெல்லியதாக்குகின்றனர். அல்லது அலுமினியத்தாற் செய்த இலேசான சில்லைப் பூட்டுகின்றனர். அவர்களைப் பார்த்துச் சாதாரண வண்டிகளை வைத்திருப்போரும் அதனை விரும்புகின்றனர். அவ்விருப்பம் தகுமா என்பதே ஆராயத்தக்கது.

எடுத்துக்காட்டாக, மொறிஸ் மைனர் வண்டியொன்றை உடைய இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அலெக் இசிகோனிஸ் வகுத்த அவ்வண்டி, 1948 ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி முற்றாக நின்றபோதிலும், இலங்கைத் தெருக்களில் அது இன்றும் ஓடுகிறது. நமது இளைஞரின் வண்டி அவருடைய தந்தையார் பேணிவைத்தது. அதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. கிளச்சுத் தட்டு தேய்ந்துவிட்டமையால் வண்டி கராஜுக்கு வந்திருக்கிறது. எஞ்சின் இறக்கப்பட்டு, பறப்புச் சில்லு வெளியே தெரிகிறது. “ஐயா, கையோடு கையாக இதன் பாரத்தையும் குறைத்துத் தாருங்கள்; வண்டி பாய்ந்து போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்” என்கிறார் இளைஞர். முதிய மெக்கானிக் உடனே மறுக்கவுமில்லை; இசையவுமில்லை. “தம்பி, வண்டி எங்கே ஓடப்போகிறது?” என்று கேட்கிறார்.

இக்கேள்வியில் முழு விடயமும் அடங்கியுள்ளது. முதலில் இளைஞரின் பக்கத்து நியாயத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

சுழலும் பொருளில் பாரம் எவ்வளவு என்பது மட்டுமன்று, அது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதும் முக்கியமாகும். மையத்திலிருந்து 7 சென்ரிமீற்றரில் உள்ள ஒரு கிலோகிராமிலும், 14 சென்ரிமீற்றரில் உள்ள ஒரு கிலோகிராம் நான்கு மடங்கு தடை தரும். எனவே விளிம்பை அண்டிய பகுதியிற் குறைத்தாலே பயன் உண்டு. மையத்தை அண்டிய பகுதியிற் குறைத்தால் பயன் சிறிது, ஆபத்தோ பெரிது.

மையத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் தூரத்தில் 2 கிலோகிராம் கடைந்து அகற்றப்பட்டது எனக் கொள்க. முதற் கியரில் ரயர் ஒரு முறை சுற்ற எஞ்சின் 16 முறை சுற்றுகிறது எனவும், ரயரின் ஆரை 28 சென்ரிமீற்றர் எனவும் கொண்டால், வேகமெடுக்கும்போது அது வண்டியின் உடலிலிருந்து ஏறக்குறைய 94 கிலோகிராமை இறக்கிவிட்டதற்குச் சமமாகும். வளர்ந்த ஒருவரும் சிறுவர் ஒருவரும் இறங்கிக்கொண்டது போல. இது சிறிய இலாபமன்று. நண்பர்கள் கூறியது பொய்யுமன்று.

ஆனால் நாலாம் கியரில், ரயரின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் நாலரைச் சுற்றே சுற்றும். அங்கே அதே 2 கிலோகிராமின் பயன் 7 கிலோகிராம் அளவாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பயணப் பையை வீட்டிலே விட்டுவந்தால் அவ்வளவும் கிடைத்துவிடும். ஆகவே இலேசான சில்லின் நன்மை முதற் கியரிலும் இரண்டாம் கியரிலும் தோன்றி, அப்பால் மறைந்துபோவது.

இன்னொன்றும் தெளிவாதல் வேண்டும். பாரங் குறைந்த சில்லு எஞ்சினின் வலுவைக் கூட்டுவதில்லை. வலு பெற்றோல் எரிவதிலிருந்து பிறப்பது. சில்லு அதனைப் பிறப்பிப்பதில்லை, வைத்திருந்து கொடுப்பது மாத்திரமே. ஒரே வேகத்தில் ஏற்றம் ஏறும் வண்டிக்குச் சில்லு பாரமாயிருந்தாலென்ன, இலேசாயிருந்தாலென்ன, வேறுபாடில்லை. இறக்கத்தில் ஒரே வேகத்தில் எஞ்சினாற் பிடித்துக்கொண்டு இறங்கும்போதும் அவ்வாறே. வேகம் மாறும்போது மாத்திரமே சில்லின் பாரம் உணரப்படும்.

இனி மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோர், கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் தெருவை நினைத்துப் பார்க்கட்டும். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என அது தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1870 மீற்றர் உயரத்தில் உள்ள நகரை அடைகிறது. கொண்டையூசி போன்ற வளைவொன்றில் எதிரே பேருந்து வருகிறது. மொறிஸ் மைனர் நின்று வழிவிடல் வேண்டும். வண்டியில் தாய், தந்தை, தங்கை, பொதிகள். எல்லாமாக ஒரு தொன் பாரம். பின்னாலே இன்னொரு வாகனம் நெருங்கி நிற்கிறது. இனி ஏற்றத்தில் வண்டியை எடுத்தல் வேண்டும்.

இவ்வேளையிலேதான் பறப்புச் சில்லின் சேமிப்பு உதவுகிறது. 8 கிலோகிராம் பாரமுள்ள சில்லொன்றின் பாரம் முழுவதும் மையத்திலிருந்து 11 சென்ரிமீற்றரில் இருப்பதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் அது சேமித்துவைத்திருக்கும் சக்தி ஏறக்குறைய 1200 யூல். ஒரு தொன் பாரத்தை 12 சென்ரிமீற்றர் உயர்த்த இச்சக்தி போதும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில், இது ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம். கிளச்சு வழுக்கும்போது ஒரு பகுதி வெப்பமாய்ப் போய்விடும் என்பது உண்மையே. எனினும் சில்லுகள் உருளத் தொடங்கும் அந்த முதற் கணத்துக்கு அது பேருதவி. முன் சொன்ன 2 கிலோகிராமை அகற்றிவிட்டால், 1200 யூல் 840 யூலாகக் குறைந்துவிடும். சேமிப்பில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அதனை ஈடுசெய்ய ஓட்டுநர் எஞ்சினை மிகையாக ஓட்டி, கிளச்சை நீண்ட நேரம் வழுக்கவிடல் வேண்டும். கிளச்சு வெந்து தேயும். காலின் கணக்குச் சற்றுத் தவறினால் எஞ்சின் நின்றுவிடும்; தடுப்பை உடனே இறுக்காவிடின் வண்டி பின்னோக்கி உருளும். பந்தயக்காரருக்கு இது சிறு தொல்லை. குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்கோ இது அச்சந்தரும் விடயம்.

நெரிசலான நகரத் தெருவிலும் இதுவே நிலை. கொழும்பில் மாலை வேளையில் நின்று நின்று நகரும் வண்டி, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நின்று எடுக்கப்படுகிறது! இலேசான சில்லுடைய எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் நடுங்கும். உந்தல்களுக்கிடையே உள்ள பள்ளங்கள் ஆழமாகும். சில்லின் தடை பாதியானால் அவ்வேற்றத்தாழ்வு இரட்டிப்பாகும்.

எல்லாவற்றிலும் மேலாகச் சிந்திக்கவேண்டியது பாதுகாப்பு. சுழலும் சில்லு தன்னைத் தானே வெளிப்புறமாக இழுத்துப் பிளக்க முயல்கிறது. சுழற்சி வேகம் இரட்டித்தால் அவ்விழுவை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவையை அத்துணை தாங்காது. அனுபவமற்ற கையினால் லேத் பட்டறையில் அளவுக்கு மிஞ்சிக் கடையப்பட்ட சில்லு, போல்ட்டுத் துளைகளின் அருகே மெலிந்தோ, கூரிய மூலைகளுடனோ இருந்தால், அங்கே வெடிப்புத் தோன்றலாம். நிமிடத்துக்கு 6000 சுற்றில், மையத்திலிருந்து 14 சென்ரிமீற்றரில் உள்ள விளிம்பின் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வேகத்திற் பிரியும் துண்டொன்று, கிளச்சு உறையைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அவ்வுறைக்கு அருகிலேயே ஓட்டுநரின் கால்கள் உள்ளன. அமெரிக்காவில் நடைபெறும் குறுந்தூர வேகப் பந்தயங்களின் பல பிரிவுகளில், கிளச்சைச் சுற்றி உருக்குக் கவசம் பூட்டல் வேண்டும் என விதி செய்திருப்பது இக்காரணம் பற்றியே. ஆதலின், பாரங் குறைந்த சில்லு அவசியமானால், அவ்வேலைக்கென்றே தகுந்த உருக்கினால் செய்யப்பட்டதை வாங்குவது முறை. அதனையும் கிளச்சு மூடியுடன் சேர்த்துச் சமநிலை பார்த்தே பூட்டல் வேண்டும். சமநிலை தவறிய சில்லு கிராங்குத் தண்டின் தாங்கிகளை மெல்ல மெல்ல அழித்துவிடும்.

புதிய வண்டிகளை வைத்திருப்போர் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. 1980களிலிருந்து பல வண்டிகளில், முக்கியமாக டீசல் வண்டிகளில், இரு திணிவுச் சில்லு என்னும் அமைப்பு இடம்பெற்று வருகிறது. இரு பகுதிகளாய், நடுவே விற்சுருள்களுடன் அமைந்த அச்சில்லு, எஞ்சினின் அதிர்வு கியர்ப் பெட்டியை அடையாது தடுக்கிறது. அதனை அகற்றி இலேசான ஒற்றைச் சில்லைப் பூட்டினால், கியர்ப் பற்கள் கலகலவென ஒலிக்கும், தேய்வும் மிகும். கணினியால் ஆளப்படும் எஞ்சின்களோ, தண்டின் சுழற்சியில் உண்டாகும் சிறு ஏற்றத்தாழ்வைக் கொண்டே எரிதல் தவறியதா என்று அறிகின்றன. சில்லு மாறினால் அவை பிழையாக எச்சரிக்கவுங்கூடும்.

அப்படியாயின் இலேசான சில்லு யாருக்கு உரியது? நுவரெலியாவில் நடைபெறும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் போன்ற போட்டியில் ஓடுபவருக்கு உரியது. அங்கே தெரு குறுகியது, தூரம் சிறிது, முடிவு செக்கனின் பின்னங்களால் தீர்மானிக்கப்படும். வளைவுக்கு வளைவு வேகம் மாறும், கியர் மாறும். எதிரே பேருந்து வராது, பொதிகளும் இரா. ஓட்டுநர் பயிற்சி பெற்றவர். அவருக்குச் சில்லின் சேமிப்பு வேண்டுவதில்லை; விரைவான மறுமொழியே வேண்டும்.

இளைஞரின் வண்டியோ அத்தகையதன்று. அது தந்தையாரை வைத்தியசாலைக்கும், தாயாரைக் கோயிலுக்கும், விடுமுறையில் எல்லோரையும் மலைநாட்டுக்கும் ஏற்றிச் செல்வது. இதனை உணர்ந்த இளைஞர், “சரி ஐயா, சில்லு உள்ளபடியே இருக்கட்டும்” என்கிறார். மெக்கானிக் சில்லின் முகத்தைத் துடைத்து, வெப்பத்தால் உண்டான வெடிப்புகள் உள்ளனவா, முகம் சமமாக உள்ளதா என்று பார்க்கிறார். தேய்வு சிறிதாகையால் முகத்தை மாத்திரம் மெல்லச் சமன்செய்யச் சொல்கிறார். புதிய கிளச்சுத் தட்டு பூட்டப்படுகிறது. “தம்பி, வண்டி பாயவேண்டுமானால் முதலில் காபரேற்றரையும் பிளக்கையும் சரிபார்ப்போம். ரயரில் காற்றும் குறைவாக இருக்கிறது” என்கிறார். செலவு சிறிது; பயனோ எல்லாக் கியர்களிலும் உண்டு.

ஒரு பொருளின் பாரம் தடையாகத் தோன்றும்போது, அப்பாரம் எதற்காக வைக்கப்பட்டது என்று வினவிய பின்னரே அதனைக் குறைத்தல் அறிவுடைமை. குயவர் தம் சக்கரத்தைச் செதுக்கி இலேசாக்குவதில்லை. அதனைச் சுழற்றுவது கடினம் என்பது அவருக்குத் தெரியும். சுழன்ற பின்னர் அது தமக்காக உழைக்கும் என்பதும் தெரியும்.