தாய் வாழையல்ல, பறவை!



‘தாய்மையின் சிறப்பு தன்னையே தருவதிலா, தன்னையும் காப்பதிலா?’ இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர், “தாய் வாழை மாதிரி; தாரைக் கொடுத்துட்டு மடிஞ்சிடுவா”ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. ஐயா, வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். பறவை அப்படியா? அடுத்த வருஷமும் கூடு கட்டணுமே!

எங்க குவார்ட்டர்ஸ் வென்டிலேட்டர்ல மைனா கூடு கட்டியிருக்கு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்குது. சுரங்கத்திலே மட்டுமில்லே நடுவர் அவர்களே, அங்கேயும் ஷிஃப்ட்தான்! (சிரிப்பு)

பறவையோட உடம்பே கணக்குப் பார்க்குது. பெரும்பாலான பெண்பறவைகளுக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். முட்டையிடும் பருவம் முடிஞ்சா அதுவும் சுருங்கிடும். பறக்கிற உடம்புக்கு வீண் சுமை எதுக்கு? முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். அதுக்காக முன்கூட்டியே எலும்புக்குள்ளே தனியா சேர்த்து வைக்குது, நாம சீட்டுக் கட்டுற மாதிரி!

கணக்கு மீறினா என்ன ஆகும்? நெதர்லாந்திலே வல்லூறுகளை வச்சுப் பார்த்தாங்க. 1996-இல் வெளிவந்த ஆய்வு அது. சில கூடுகளில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்தார்கள். தாயும் தகப்பனும் ஓடி ஓடி இரை தேடி ஊட்டின. அடுத்து வந்த குளிர்காலம் முடியறதுக்குள்ளே அந்தப் பெற்றோர்களில் 60 சதவீதம் இறந்துபோச்சு. சுமை கூட்டாத கூடுகளில் 29 சதவீதம்தான்.

நடுவர் அவர்களே! எங்க அம்மா இதே நெய்வேலியிலே அஞ்சு பிள்ளைகளை வளர்த்தவங்க. பால் எங்களுக்கு, பாத்திரம் கழுவின தண்ணி அவங்களுக்கு. அறுபது வயசு ஆகலே, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. “எலும்பிலே சத்தே இல்லையேம்மா, எங்கே போச்சு?”ன்னு டாக்டர் கேட்டார். கட்டிலைச் சுத்தி நாங்க அஞ்சு பேரும்தான் நின்னுக்கிட்டிருந்தோம். (அரங்கில் அமைதி)

தியாகத்தை நான் குறை சொல்லவில்லை. பறவைக்கு அதன் உடம்பு கணக்குப் பார்க்குது. நம்ம வீட்டுத் தாய்க்கு யார் பார்க்கிறது? அவளும் பார்க்கணும், குடும்பமும் பார்க்கணும். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் முதல் தட்டை அம்மாவுக்கு வையுங்க. தன்னையும் காப்பதே தாய்மையின் சிறப்பு என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)