வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஹாஸ்டல் கதை ஏதாவது பேசு" என்றுதான் செயலாளர் கேட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதையெல்லாம் தீர்த்துவிட்டார்கள். என்னிடம் மிச்சமிருப்பது ஒரு வைத்தியக் கதை. பெண்கள் இருக்கிற சபையில் இதைப் பேசலாமா என்று ஒரு நண்பர் காதோடு கேட்டார். பேசத்தான் வேண்டும். நம்மைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போகிறவர்கள் அவர்கள்தானே!

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கிறது. வயதாக ஆகப் பெருக்கும். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கம்தான் காரணம். புற்றுநோயோ ஆரம்பத்தில் அநேகமாக ஒரு தொந்தரவும் தராது. சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நம்மோடு ஹாஸ்டலில் இருந்த ஒரு நண்பன் 2018-இல் போய்ச் சேர்ந்தான். பெயர் வேண்டாம், பலருக்குத் தெரியும். இடுப்பு வலி, இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தான். நோய் எலும்புக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசிவரை எங்கள் யாரிடமும் இன்ன நோய் என்று அவன் வாயால் சொல்லவில்லை. அந்தச் சாவு என் மனைவியின் மனதில் தங்கிவிட்டது. 2021-இல், எனக்கு 68 வயதில், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது "அந்தப் பி.எஸ்.ஏ.யும் பார்த்துடுங்க" என்று லேப் பையனிடம் சொன்னது அவள்தான்.

வந்த எண் 18.6. நாலுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்பார்கள். ஆனால் இந்த எண் ஏறினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. சாதாரண வீக்கத்திலும் ஏறும், மூத்திரத் தொற்றிலும் ஏறும். அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி. ஆசனவாய் வழியாக ஒரு கருவியைச் செலுத்தி, ஊசியால் 12 இடங்களில் துணுக்கு எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தாங்கக்கூடியதுதான். மானம்தான் கொஞ்சம் வலித்தது! நாலைந்து நாள் மூத்திரத்தில் ரத்தம் கலந்து போனது. அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

முடிவு வர எட்டு நாள். சிகிச்சை முழுவதிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த எட்டு நாள்தான். மனைவி மாவு அரைத்துக்கொண்டிருப்பாள், நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் பேசவில்லை.

கிளீசன் 4+4, ஆக 8 என்று வந்தது. அணுக்கள் எவ்வளவு முரடானவை என்று சொல்லும் மார்க் இது. பரீட்சைக்கு நேர் எதிர், அதிகம் வாங்கினால் மோசம். 6 வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் உடனே சிகிச்சைகூட வேண்டாம், அவ்வப்போது பார்த்துக் கண்காணித்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை. அன்று வீட்டில் பாயசம்.

ஆபரேஷனா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். இரண்டு டாக்டர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் என்று தீர்மானித்தேன். ஆண் ஹார்மோனைத் தின்றுதான் இந்த நோய் வளர்கிறது. தீனியை நிறுத்தினால் சுருங்கும். 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் கண்டுகாட்டிய விஷயம். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கதிர்வீச்சு 20 நாள். திங்கள் முதல் வெள்ளி, நாலு வாரம். வயிறு காலியாக இருக்கணும், மூத்திரப்பை நிறைந்திருக்கணும். அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டு, வராந்தாவில் தொடையை இறுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒரு ரிடையர்ட் தாசில்தார், ஒரு லாரி டிரைவர், நான். மெஷின் தாமதமானால் மூன்று பேருக்கும் முகம் வெளிறிவிடும். அந்த நிலைமையில் அந்தஸ்தாவது ஒன்றாவது! மெஷினில் படுத்தால் வலி கிடையாது, தலைமுடி கொட்டாது. கடைசி வாரம் மூத்திர எரிச்சல், பிறகு சில வாரம் அசதி.

ஊசி வேறு கதை. மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு வருஷம். மார்கழிக் குளிரிலும் திடீரென்று உடம்பு பற்றி எரிந்து வேர்க்கும். "நாங்க நாற்பத்தெட்டு வயசுல பட்டதை இப்ப நீங்க படுறீங்க" என்று மனைவி சிரித்தாள். எடை ஏறியது. எலும்பு தேயும் என்பதால் தினமும் நடை, கால்சியம் மாத்திரை. தாம்பத்திய ஆசை அடியோடு போய்விட்டது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். டாக்டரிடம் அதைக் கேட்கவே எனக்கு மூன்று விசிட் ஆனது. கேட்ட பிறகு அவர் ரொம்ப சாதாரணமாகப் பேசினார். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷத்தில் அப்படிப் பேசியதில்லை.

எல்லோரும் நாளைக்கே லேபுக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. எழுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதனை தேவையில்லை; உங்கள் டாக்டரோடு பேசித் தீர்மானியுங்கள். ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே எனக்கு வந்ததை என் இரு மகன்களிடமும் மறைக்கவில்லை. பெரியவன் உடனே பார்த்துக்கொண்டான். சின்னவன் "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்கிறான். விடுவதாக இல்லை.

கடைசி ஊசி 2023-இல். அப்போது பி.எஸ்.ஏ. 0.05. பிறகு 0.2, போன முறை 0.4. ஊசி நின்று ஹார்மோன் திரும்பும்போது கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அடிமட்டத்திலிருந்து 2 ஏறினால்தான் யோசிக்கணும் என்கிறார் டாக்டர். நமக்கு இன்ஜினீயர் புத்தி; கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்க்கிறேன். மனைவி அந்தத் தாளை ஒளித்து வைத்துவிட்டாள். அடுத்த பரிசோதனை வருகிற மாதம்.

சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டியவர்கள் ஒர்க்‌ஷாப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.